வலப்பக்கம் என்னுது

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம். இந்த உப்பளம் முடிஞ்ச பொறவு கடல் எட்டிப் பாக்கும், அதப் பாக்க எனக்கு இஷ்டமில்ல. முப்பது வருசத்துக்கு மேல கடல்ல கெடந்தவன் நான். பாத்தது போதும். நீங்க எங்க, மணப்பாட்டுக்கா? நானும் அங்கதான். எங்க அக்கா வீடு இருக்கு. அக்காவப் பாத்து நாளாச்சு, அதான் கிளம்பிட்டேன். அங்க மலை மேல கோயில் வாசல்ல நின்னா தூத்துக்குடியில இருந்து கன்னியாகுமரிக்குக் கடல்ல போற வாற எல்லாம் தெரியும்பாவ. அதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் அக்காவப் பாக்கப் போறேன்.

இந்த டிரைவர் பஸ்ஸ ஏன் இப்பிடி உருட்டுதான்? நடந்து போறவன் முந்திருவான் போல. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துருவோமா? இல்ல, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.

கூடப்பொறந்தவங்க உண்டா உங்களுக்கு? தம்பியா? எங்க, கோயமுத்தூர்லயா? நல்லது, அங்கயே இருக்கட்டும். திருவிழாவுக்கு வரட்டும், ரெண்டு நாள் தின்னுட்டுப் போகட்டும். அவன்கூடச் சேந்து ஒரு சைக்கிள்கூட வாங்கிராதீங்க. நான் என் தம்பிகூடச் சேந்து ஒரு படகு வாங்கினேன். இன்னைக்குக் காலையில என் பாதியையும் சேத்துக் கொண்டுபோயிட்டான்.

சிரிக்காதீங்க. காலையில அந்த எஸ்.ஐ. அம்மாவும் இப்பிடித்தான் வாயப் பொத்திக்கிட்டா. களவு குடுத்தவனுக்குத்தான் வயித்தெரிச்சல் தெரியும்.

என் பேரு கஸ்பார் வாஸ். தூத்துக்குடிதான் சொந்த ஊரு. கப்பல்ல சீஃப் இன்ஜினியரா இருந்து ரிடையர் ஆனவன். அவன் பேரு மெல்கியோர். எனக்கு இளையவன். ஏசு பொறந்தப்பப் பாக்க வந்த மூணு ராஜாக்கள்ல ரெண்டு பேரோட பேர எங்கப்பா எங்களுக்கு வச்சாரு. மூணாவது ராஜா பொறக்கவே இல்ல. நல்லதாப் போச்சு. பொறந்திருந்தா படக மூணாப் பிரிக்கச் சொல்லி நின்னிருப்பான்.

மெல்கியோர் கேப்டன். அதச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கசக்கும். டெக்குக்காரனுக்கும் இன்ஜின்காரனுக்கும் எந்தக் கப்பல்லயும் ஆகாது, பாத்துக்கிடுங்க. அவன் மேல, ஏசி ரூம்ல, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, கழுத்துல பைனாகுலர மாட்டிக்கிட்டு நிப்பான். நான் கீழ, கப்பல் வயித்துக்குள்ள, காது அடைக்கிற சத்தத்துல எண்ணெயும் வேர்வையுமா வெந்துக்கிட்டு கெடப்பேன். கப்பல் போய்ச் சேந்துட்டா கேப்டன் கொண்டுவந்து சேத்தாரு. கப்பல் நின்னுபோச்சுன்னா இன்ஜினியர் என்ன புடுங்கிக்கிட்டிருந்தான். இதுதான் உலகம்.

கப்பலோட இது போச்சா? போகல. எங்க தெருவுல நான் இருக்குற வீட்டுக்கே என்ன பேரு தெரியுமா? கேப்டன் வீடு. நான்தான் மூத்தவன். முதல்ல கப்பலுக்குப் போனவன் நான். அவனுக்கு அப்ளிகேசன் வாங்கி, பேனாவ கையில குடுத்து எழுத வச்சவன் நான். கோயில்ல பங்குச் சாமியார் புதுசா வந்தா என்ன சொல்லி அறிமுகப்படுத்துதாவ? "சாமி, இவரு நம்ம கேப்டனோட அண்ணன்." சாமியாரும் "ஓ, கேப்டனோட அண்ணனா"ன்னு எனக்கு ஆசீர்வாதம் குடுக்காரு. எனக்குன்னு ஒரு பேரு கெடையாதா? வேண்டாம், விடுங்க.

அவன் பொண்டாட்டி எஸ்தர் ரெண்டு வருசம் முந்தித் தவறிப்போயிட்டா. புத்துநோய். இவன் அப்பம் பிரேசில் பக்கம் கப்பல்ல. அடக்கம் முடிஞ்ச பொறவுதான் வந்து சேந்தான். பிள்ளகுட்டி கெடையாது. அத்தோட வேலைய விட்டான். வீட்டுல அவ வச்ச சாமான் வச்ச எடத்துலயே இருக்கும். துணி காயப்போடுற கொடியில அவ சேலைக்குக் குத்துற கிளிப்பு அப்பிடியே கெடக்கும், எடுக்க மாட்டான். ஒருநாள் வந்து "அண்ணே, அந்த வீட்டுல என்னால இருக்க முடியல"ன்னான். "வாடகைக்கு விடு"ன்னேன். நான் தப்பாச் சொல்லல. நல்ல ஏரியா, தண்ணி வசதி உண்டு.

வாடகைக்கு விட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம். கொச்சியில ஒரு வெள்ளக்காரப் புருசன் பொண்டாட்டி படகு ஒண்ண விக்காவன்னு கேள்விப்பட்டு ஓடிட்டான். போன் பண்ணி "அண்ணே, வீடே கடல்ல மெதக்குது, வந்து பாரு"ங்கான். போய்ப் பாத்தேன். பாய்மரப் படகுதான், ஆனா நம்ம தோணி மாதிரி இல்ல. ரெண்டு ஒல்லித் தோணியப் பக்கம் பக்கமா நிறுத்தி, நடுவுல ஒரு வீட்டத் தூக்கி வச்சாப்ல இருக்கும். கேட்டமரான்னு பேரு. பேரு நம்ம கட்டுமரத்துல இருந்து எடுத்தது, மத்ததெல்லாம் அவங்களுது. ஒவ்வொரு பக்கத்துத் தோணிக்குள்ளயும் ரெண்டு படுக்கை ரூம்பு, ஒரு கக்கூஸ், பின்னால ஒரு இன்ஜின். நடுவுல உக்காந்து பேச ஹாலு, அதுலயே அடுப்பங்கர. முன்னால ரெண்டுக்கும் எடையில வலையக் கட்டி வச்சிருக்கான், அதுல படுத்துக்கிட்டு மானத்தப் பாக்கணுமாம். மேல சூரிய வெளிச்சத்துல கரண்டு. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்க ஒரு மிசினு. வருசக்கணக்கா கரையேறாம உலகத்தச் சுத்தலாங்கான்.

"நீ ஓட்டு, நான் இன்ஜினப் பாத்துக்கிடுதேன்"னு நான் எதுக்குச் சேந்தேன்னு கேப்பீங்க. அவனுக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்? ஆயில் எந்த ஓட்டையில ஊத்தணும்னு தெரியாது. தனியா விட்டா நடுக்கடல்ல நிப்பான். அதுக்காகத்தான். என் வீட்டுக்காரியும் மகன்கூட கனடாவுல இருக்கா. பேரனப் பாத்துக்கிட ஆறு மாசம்னு போனவ, குளிரு ஒத்துக்கிச்சாம், இன்னும் வரல. நல்ல குளிரு போல. சரி, வீட்டுல நான் மட்டும் இருந்து என்ன செய்யன்னு பாதிக்குப் பாதி போட்டேன்.

கொச்சியில இருந்து தூத்துக்குடிக்கு நாங்க ரெண்டு பேருமாக் கொண்டுவந்தோம். அந்த ஒரு தடவதான் நான் அதுல போனது. கன்னியாகுமரி தாண்டும்போது கடல் கொஞ்சம் கிண்டுச்சு. பெரிய கப்பல்ல அதெல்லாம் தெரியாது, நான் இருந்த எடத்துக்கு கடலே தெரியாது. இதுல என்னன்னா, படுக்கைக்குப் பக்கத்துல சன்னலு. சன்னலுக்கு வெளிய தண்ணி. பக்கத்துல இல்ல, மேல. தலைக்கு மேல பச்சையா ஏறி எறங்குது. நடு வீட்டுக்கு அடியில அல வந்து டமார் டமார்னு அடிக்குது, யாரோ தரைய ஒடைச்சுக்கிட்டு வாரான் போல. நான் மேசைக் கால ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டிருந்தேன். இன்ஜின் சத்தம் எப்பிடி இருக்குன்னு உன்னிப்பாக் கேக்கிறதுக்காக. முந்தின நாள் மீன் கொழம்பு வேற சேரல, வாந்தி. மெல்கியோரு சுக்கானக் கட்டிப்போட்டுட்டு வந்து எம் மூஞ்சியத் தொடச்சு விட்டு, போர்வையப் போத்தி, "ஒண்ணுமில்ல அண்ணே, படகு நல்ல படகு, நீ கண்ண மூடிக்கோ"ன்னான். என்ன திமிரு பாருங்க. சீஃப் இன்ஜினியரப் பாத்து கண்ண மூடிக்கோங்கான்.

பயமா? எனக்கா? என்ன தம்பி நீங்க.

தூத்துக்குடி பழைய ஹார்பர்ல, தோணி கட்டுற எடத்துக்கு ஓரமா கட்டினோம். லோக்கல் டி.வி.க்காரன் ஒருத்தன் மைக்கத் தூக்கிட்டு வந்தான். நான் வேட்டிய மாத்திட்டு வாரதுக்குள்ள பேட்டி முடிஞ்சுபோச்சு. ராத்திரி நியூஸ்ல போடுதான்: "உலகம் சுற்றப் புறப்படும் கேப்டன் மெல்கியோர்." நான் பின்னால கயித்தச் சுத்திக்கிட்டு நிக்கேன். கீழ எழுத்துல என்ன போட்டான்ங்கிய? "உடன் அவரது அண்ணன்." பேருகூட இல்ல!

அன்னைக்குத்தான் சொன்னேன். "ஏலே மெல்கி, பிரிச்சிருவோம்."

எங்க குடும்பத்துல பிரிக்கிறது ஒண்ணும் புதுசில்ல. எங்கப்பாவும் சித்தப்பாவும் வீட்ட நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சாவ. கெணத்துக்கு மேலயும் சுவரு, இந்தப் பக்கம் எங்க வாளி, அந்தப் பக்கம் அவிய வாளி. சாவுற வரைக்கும் பேசிக்கிடல, ஆனா ஒரு வம்பும் கெடையாது. இந்தப் படகு பிரிக்கிறதுக்குன்னே கட்டினது மாதிரி இருக்கு, ரெண்டு தோணி, ரெண்டு இன்ஜின், ரெண்டு கக்கூஸ். வலது என்னுது, இடது அவனுது. ஹாலுக்கு நடுவுல தரையில, மேசைல, மேல சீலிங்குல எல்லாம் நீலக்கலர் டேப்பு ஒட்டினேன். பாய்மரம் மட்டும் நட்ட நடுவுல நிக்கும், அது பொது. அவன் "படகப் பிரிக்க முடியாது அண்ணே, ஒரு பக்கம் முங்குனா மறுபக்கமும் முங்கும்"னான். டெக்குக்காரன் பேச்சு எப்பவுமே இப்பிடித்தான், காரியத்துக்கு ஆகாது.

பிரிச்ச பொறவுதான் பாத்தேன், ஸ்டியரிங் வீல் என் பக்கம். பாய் ஏத்துற கயிறெல்லாம் வந்து சேருறதும் என் பக்கம். வயர்லெஸ்ஸு, மேப்பு வைக்கிற மேசை, கரண்டு சுவிட்சு அவன் பக்கம். கேப்டனுக்கு சக்கரம் கெடையாது! அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் நல்லா வந்துச்சு. ஆனா அடுப்பு அவன் பக்கம், தண்ணிக் குழாய் என் பக்கம். அவன் கரையில இருந்து கேன்ல தண்ணி தூக்கிட்டு வந்து டீ போடுவான். போட்டு, ஒரு டம்ளர டேப்புக்கு நேர் மேல வச்சுட்டுப் போவான். தெனமும். என்ன வைராக்கியம் பாருங்க, கொண்டாந்து கையில குடுக்க மாட்டான், எல்லைல வைப்பான். அதுலயும் சக்கர போட மாட்டான். எனக்கு சுகர் இருக்காம், அவன் கண்டான்.

நான் இரும்பக் கவ்விப் புடிக்கிற என் வைசு, கனம் தூக்குற செயின் பிளாக்கு, பழைய இன்ஜின் ஒண்ணு, பெட்டி பெட்டியா ஸ்பானர் சாவி எல்லாம் என் பக்கத்துல ஏத்தினேன். படகு வலது பக்கமாச் சாய ஆரம்பிச்சுது. "கனம் ஏத்தாத அண்ணே, இது லேசா இருந்தாத்தான் ஓடும்"னான். என் எல்லையில நான் எத வச்சா உனக்கென்ன? பொறவு அவன் தன் பக்கம் தண்ணிக் கேனா அடுக்கிச் சரி பண்ணிக்கிட்டான். நான் ஒரு பெட்டி ஏத்தினா அவன் ஒரு கேன் ஏத்துவான். வேலை இல்லாத பய.

பேரு விசயம் ஒண்ணு இருக்கு. கொச்சியிலயே அவன் படகுக்கு 'எஸ்தர்'னு பேரு வச்சு, ரெண்டு தோணிலயும் வெளிப்பக்கம் நீலத்துல எழுதி வச்சிருந்தான். அவனே பிரஷ்ஷ வச்சு, ரெண்டு நாள் உக்காந்து எழுதினது. எஸ்தர் நல்ல பிள்ளைதான், நான் ஒரு குறையும் சொல்லல. எனக்குன்னு தனியா எண்ணெய் கம்மியாக் கொழம்பு வச்சு அனுப்புவா. ஆனா என் பாதிக்கு எதுக்கு அவ பேரு? ஒருநாள் அவன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்ப, சொரண்டிய எடுத்துட்டு வந்து என் பக்கத்து எழுத்த மட்டும் சொரண்டி எடுத்துட்டேன். சுத்தமா, கோடுகூடத் தெரியாம. வேலைன்னா நம்ம வேலை அப்பிடி இருக்கும். அவன் வந்து பாத்தான். கையில மீன் பையோட ரொம்ப நேரம் நின்னான். அன்னையில இருந்து பேச்சு நின்னுபோச்சு.

எதுக்குப் பேச்ச நிறுத்தினான்னு நானும் யோசிச்சேன் பாத்துக்கிடுங்க. முந்தின நாள் டீயில சக்கர இல்லன்னு டம்ளரத் தட்டி விட்டேன், அதுதான் காரணமா இருக்கும். அற்பத்துக்குக் கோவிச்சுக்கிடுவான், சின்ன வயசுலயே அப்பிடித்தான்.

பேச்சு நின்னுச்சுன்னாலும் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேப்பான். டேப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுக்கிட்டு, "அண்ணே, நாளைக்குக் காத்து நல்லா இருக்கும், போவமா?" அவ்வளவுதான். இந்த வாடைக் காத்து இருக்கையிலயே கன்னியாகுமரியச் சுத்திரணுமாம். மேக்க இருந்து வார காச்சான் காத்து வந்துட்டா எதுத்து அடிக்கும், பொறவு அடுத்த வருசம்தான். கொச்சி, அங்கன இருந்து மாலத்தீவு, அங்கன இருந்து அந்தப் பக்கம். சரி, போவோம்னுதான் நானும் நெனைப்பேன். ஆனா போறதுக்கு முந்தின நாள் என் இன்ஜின்ல ஏதாவது கண்ணுல படும். ஒரு தடவ டீசல்ல தண்ணி. ஒரு தடவ பெல்ட்டு வெடிப்பு. ஒரு தடவ சத்தம் சரியில்ல. சத்தம் எனக்குத்தான் கேக்கும், அவனுக்குக் கேக்காது, டெக்குக்காரன் காது. "சரி அண்ணே, நீ சரி பண்ணு"ன்னுட்டுப் போயிருவான். தைப்பொங்கல் முடிஞ்சு, சாம்பல் புதன் முடிஞ்சு, தவக்காலமும் பாதி போச்சு. இன்ஜின்னு இருந்தா நூறு இருக்கும் தம்பி. ஒரு இன்ஜினியருக்கு மனசாட்சி வேண்டாமா?

போன வாரம் வந்து நின்னான். டேப்ப மிதிக்காம அந்தப் பக்கமே நின்னான். "அண்ணே, காத்து மாறப்போவுது. இந்த வாரம் போகலன்னா நான் இங்கன இருந்தே செத்துருவேன். நீ வரலன்னாலும் பரவால்ல, நான் போறேன்"னான். போறானாம்! எதுல போறான்? பாதிப் படகுலயா?

எனக்கு சந்தேகம் தட்டிருச்சு. இன்ஜினுக்குக் கடல் தண்ணிய இழுத்துக் குடுக்க ஒரு பம்பு உண்டு. அதுக்குள்ள ரப்பர்ல பூ மாதிரி ஒண்ணு சுத்தும். அது இல்லன்னா இன்ஜின் சூடாகிக் கருகிரும். என் இன்ஜின்ல இருந்து அதக் கழட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். என் இன்ஜின், என் பம்பு, நான் கழட்டுவேன். அந்த ரெண்டு தோணிக்கும் நடுவுல அவ்வளவு அகலம். ஒத்த இன்ஜின வச்சுக்கிட்டு ஹார்பருக்குள்ள இருந்து திருப்பி எடுக்கணும்னா படகு சுத்திச் சுத்தி வரும். போதாததுக்கு சக்கரமும் கயிறும் என் எல்லைக்குள்ள. இத்தன மாசத்துல அவன் ஒரு தடவகூட அந்த டேப்பத் தாண்டினது கெடையாது. என் வீட்டுல போய் நிம்மதியாப் படுத்துத் தூங்கினேன்.

இன்னைக்குக் காலையில போறேன், எடம் காலி. தண்ணி மட்டும் கெடக்கு.

தோணியில வேலை செய்யுற இன்னாசி அங்கன பல்லு விளக்கிக்கிட்டு நின்னான். "எங்கலே படகு?"ன்னேன். "கேப்டன் விடிய முந்தியே போயிட்டாரே அண்ணாச்சி"ன்னான். "இன்ஜின் ஒண்ணுதானே ஓடும், எப்பிடிலே போனான்?" அந்தப் பய என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். "இன்ஜின் எதுக்கு அண்ணாச்சி? கரைக்காத்து நல்லா அடிச்சுது. பாயத் தூக்கினாரு, போயிட்டாரு."

பாயி! எனக்கு அது நெனப்புலயே இல்ல தம்பி. அவ்வளவு உயரத்துக்கு மரம் நிக்கி, தெனமும் அதுக்கு அடியிலதான் சட்டையக் காயப்போடுதேன். முப்பது வருசம் இன்ஜின் ரூம்ல இருந்தவனுக்கு, காத்துல ஒண்ணு போகும்னு எப்பிடித் தோணும்? சொல்லுங்க.

இன்னாசி இன்னொண்ணு சொன்னான். மெல்கியோரு என் பக்கத்துக்கு வந்து சக்கரத்தப் புடிக்கிறதுக்கு முந்தி, செருப்பக் கழட்டி அவன் பக்கத்துல வச்சுட்டு வந்தானாம். அடுத்தவன் வீட்டுக்குள்ள போற மாதிரி. "அண்ணன்கிட்டச் சொல்லிருங்க, செருப்பில்லாமத்தான் வந்தேன்னு" சொல்லிட்டுப் போனானாம். நக்கலு! வெறுங்காலோட களவாண்டா களவு இல்லன்னு ஆயிருமா?

நேரா மரைன் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். ஒரு எஸ்.ஐ. அம்மா, சின்ன வயசுதான். "என்ன சார் களவு போச்சு?" "படகுல வலது பாதி." "எடது பாதி?" "அது அவனுது, அது எங்க போனா எனக்கென்ன?" "யாரு சார் எடுத்தது?" "என் தம்பி." அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டா. "சார், அவரு வலது பாதிய உங்ககிட்ட விட்டுட்டு எப்பிடிப் போவாரு?" "அது அவன் பாடு"ன்னேன். வாயப் பொத்திக்கிட்டா. ஆனா நல்ல பிள்ள, டீ வாங்கிக் குடுத்தா. "இப்பம்தானே போயிருக்காரு, வயர்லெஸ்ல புடிச்சுருவோம், நீங்களே பேசுங்க. திருப்பிக் கொண்டுவாரது அவரு இஷ்டம். படகு பேரு என்ன?"ன்னா.

எஸ்தர்னேன். வேற என்ன சொல்ல.

மைக்க எடுத்து, "எஸ்தர், எஸ்தர், எஸ்தர்"னு மூணு தடவ கூப்பிட்டா. வயர்லெஸ்ல அப்பிடித்தான் கூப்பிடுவாவளாம். எனக்குத் தெரியாது. செத்துப்போன பிள்ளைய அப்பிடி ஒரு ஸ்டேசனுக்குள்ள வச்சு சத்தம் போட்டுக் கூப்பிட்டா எப்பிடி இருக்கும்? எனக்கு உக்கார முடியல. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பொறவு அவன் குரல் வந்துச்சு. "எஸ்தர்தான். சொல்லுங்க."

அந்தம்மா, "உங்க அண்ணன் இங்க இருக்காரு சார், பேசுதாரு"ன்னு மைக்க எங்கிட்ட நீட்டினா. நான் வாங்குறதுக்குள்ள அவனே பேச ஆரம்பிச்சுட்டான்.

"அண்ணே, நான் முயல் தீவுக்கு வெளியதான் நிக்கேன். பாய எறக்கிப் போட்டுட்டு உனக்காகத்தான் நிக்கேன். கரையில வச்சு எவ்வளவோ கேட்டாச்சு. வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு, திரும்பி வந்து உன்ன ஏத்திக்கிடுதேன். இன்ஜின் இல்லாம பாயிலயே போவோம், அது சத்தம் போடாது, பயமா இருக்காது. வரலன்னா அதையும் வாயத் திறந்து சொல்லிரு, நான் கோவிச்சுக்க மாட்டேன். பேசாம மட்டும் இருந்துராத."

விட்டேனா நான்? மைக்கக் கையில புடிச்சு, எல்லாத்தையும் சொன்னேன். களவாணிப் பயலேன்னேன். உன் வெள்ளச் சட்டையும் நீயும், உன்னால எனக்கு ஒரு பேரு இல்லாமப் போச்சுலேன்னேன். ஸ்டேசன்ல இருந்தவன் எல்லாம் எழும்பிட்டான். கோவத்துல வாயில வேற என்னென்னமோ வருது. கன்னியாகுமரி பக்கத்துல வச்சு எனக்குக் கொல நடுங்கிப்போச்சுலேன்னேன். இன்ஜின்ல ஒரு பழுதும் இல்லலே, அத்தனையும் நானாச் சொன்னதுன்னேன். என் வீட்டுக்காரி இனிமே வர மாட்டாலேன்னேன். நீயும் போயிட்டா நான் யார்கூடலே சண்ட போடுவேன், போவாதலே மெல்கி, போவாதன்னேன். கோவம் வந்தா மனுசன் வாயில இதெல்லாம் வரத்தான் செய்யும், அத எடுத்துக்கிடக் கூடாது.

எஸ்.ஐ. அம்மா என் தோளத் தொட்டா. அவ சிரிக்கல. மெதுவா, "சார், பக்கத்துல இருக்க பட்டன அமுக்கிக்கிட்டுப் பேசணும். இவ்வளவு நேரம் பேசினது அவருக்குக் கேட்டிருக்காது"ன்னா. "அமுக்கிக்கிட்டு மறுபடி சொல்லுங்க சார்"னா.

பட்டன அமுக்கணும்னு எனக்குத் தெரியாதா? கப்பல்ல வயர்லெஸ்ஸு கேப்டன் ரூம்லதான் இருக்கும், நான் தொட்டதில்லதான். அதுக்காகத் தெரியாதா? தெரிஞ்சேதான் அமுக்கல. அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். சொன்னத ரெண்டாவது தடவ சொல்லுற ஆளு நான் இல்லம்மான்னு சொல்லி, மைக்க மேசையில வச்சுட்டேன்.

அதுக்குள்ள அவன் கூப்பிட ஆரம்பிச்சான். "அண்ணே, கேக்குதா?" மறுபடியும் கூப்பிட்டான். "அண்ணே, நான் பேசுறது கேக்குதா?" எஸ்.ஐ. அம்மா மைக்கப் பாக்கா, என்னையப் பாக்கா. மூணாவது தடவ அவன் கேக்கல. "சரி அண்ணே, வாரேன்"னான். அத்தோட அந்தப் பெட்டி இரைய ஆரம்பிச்சுருச்சு.

கேட்டுச்சு தம்பி. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு.